சாக் சரிவை முரட்டுப்புல் மூடிவிட்டது: ஹார்ஸ்ஷூ வெட்சையும் நீலப் பட்டாம்பூச்சிகளையும் மீட்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வெண்சரிவு

இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் பகுதியில், லூயிஸுக்கு அருகே, தெற்கு நோக்கிய சாக் (வெண்சுண்ணாம்புப் பாறை) சரிவு ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் தன்னார்வலர் குழுவுக்கு வந்திருக்கிறது. பரப்பு 0.4 ஹெக்டேர். தெரிந்தவரை ஏர் பட்டதில்லை, உரம் விழுந்ததில்லை. ஆனால் பத்து ஆண்டுக்கு மேலாக மேய்ச்சலும் இல்லை.

மேல் மூன்றில் ஒரு பங்கில் முயல்கள் கடித்துக் கடித்துப் புல் குட்டையாக இருக்கிறது. காட்டு தைம், சாலட் பர்னெட், ராக்-ரோஸ் எல்லாம் உண்டு. மஞ்சள் நிறத்தில் பயறு வகைப் பூ ஒன்று திட்டுத் திட்டாகப் பூக்கிறது. அது ஹார்ஸ்ஷூ வெட்சா, பேர்ட்ஸ்ஃபுட் ட்ரெஃபாயிலா என்று குழுவுக்குள்ளேயே வாக்குவாதம். நடுப்பகுதி முழுக்க முழங்கால் உயரத்துக்கு டார் கிராஸ் என்ற முரட்டுப்புல். அடியில் காய்ந்த சருகு மெத்தைபோல் படிந்து கிடக்கிறது. கீழ்ப்பகுதியில் ஹாதார்ன், டாக்வுட், பிளாக்தார்ன் புதர்கள். நெடுக எறும்பு மேடுகள் இருக்கின்றன.

ஜூலையில் மார்பிள்ட் ஒயிட், காமன் புளூ பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன. அடோனிஸ் புளூ, சாக்ஹில் புளூ இரண்டும் கண்ணில் படவில்லை. பக்கத்திலுள்ள மாலிங் டவுனில் இரண்டுமே இருக்கின்றன.

கேட்க வேண்டியவை: அந்த மஞ்சள் பூவை எப்படி உறுதிசெய்வது? முதலில் காட்டுப்பூ விதைக் கலவை தூவலாமா, புல்லை வெட்டலாமா? யெல்லோ ராட்டில் (புல்லின் வேரில் ஒட்டி உறிஞ்சும் செடி) விதையைத் தூவினால் முரட்டுப்புல் தானாக அடங்கிவிடும் என்கிறார்கள், சரியா? ஆடு விட்டே ஆக வேண்டுமா, இயந்திரம் போதுமா?

பதில்: தும்பைக்காடு

முதலில் அந்தப் பூவை முடிவுசெய்யுங்கள். மற்ற எல்லா முடிவும் அதைப் பொறுத்தது. அடோனிஸ் புளூ, சாக்ஹில் புளூ இரண்டின் புழுக்களும் இங்கிலாந்தில் ஹார்ஸ்ஷூ வெட்சைத் தவிர வேறு எதிலும் வாய் வைக்காது. பேர்ட்ஸ்ஃபுட் ட்ரெஃபாயில் காமன் புளூவுக்கும் டிஞ்சி ஸ்கிப்பருக்கும் உணவு. அதுவும் நல்ல செடிதான், ஆனால் அது எவ்வளவு இருந்தாலும் அடோனிஸ் வராது.

பூவைப் பார்த்து அடையாளம் காண முயல வேண்டாம், இலையைப் பாருங்கள். ஹார்ஸ்ஷூ வெட்சின் இலை புளியிலைபோல நடு நரம்பின் இருபுறமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள் கொண்டது. நான்கு முதல் எட்டு ஜோடி, நுனியில் தனியாக ஒன்று. ட்ரெஃபாயிலுக்கு மொத்தமே ஐந்து சிற்றிலைதான்: மூன்று நுனியில், இரண்டு காம்பின் அடியில். ட்ரெஃபாயில் மொட்டில் சிவப்பு பூசியிருக்கும். வெட்சின் மஞ்சள் எலுமிச்சை நிறம். ஜூலைக் கடைசியில் காயையும் பார்க்கலாம். ட்ரெஃபாயில் காய் நேராக நீண்டு பறவையின் விரல்கள்போல் விரியும். வெட்சின் காய் நெளிநெளியாக இருக்கும். முற்றியதும் கணுக் கணுவாக உடையும், ஒவ்வொரு துண்டும் குதிரை லாட வடிவம். ஒரே சதுர மீட்டரில் இரண்டு செடியும் கலந்து வளர்வது சாதாரணம். அதனால் ஒரு செடியைப் பார்த்துவிட்டு மொத்தத் திட்டுக்கும் பெயர் வைத்துவிடாதீர்கள்.

விதைக் கலவை இப்போது வேண்டவே வேண்டாம். உழாத சாக் மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 தாவர இனங்கள்வரை இருக்க முடியும். மண் வளமில்லாததுதான் காரணம். மண்ணின் அடுக்கு சில சென்டிமீட்டர் மட்டுமே, நீர் நிற்காது, கார அமில மதிப்பு (pH) 7.5-க்கு மேல், இருக்கிற பாஸ்பரஸையும் கால்சியம் பிடித்துக்கொள்ளும். வேகமாக வளரும் எந்தப் புல்லாலும் அங்கே கொடிகட்ட முடியாது, அதனால் சிறு செடிகளுக்கெல்லாம் இடம் கிடைக்கிறது. மேல் பகுதியில் தைமும் ராக்-ரோஸும் இருக்கிறது என்றால் அந்த மண் இன்னும் கெடவில்லை. உங்களுக்குத் தேவையான விதை ஏற்கெனவே அங்கேயே காய்க்கிறது.

ராக்-ரோஸ் இருப்பதால் அதை நம்பி வாழும் பிரவுன் ஆர்கஸ் பட்டாம்பூச்சியை இப்போதே தேடலாம். பழுப்பு இறக்கை, ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பிறைகள், நீலம் துளியும் இராது. காமன் புளூவின் பெண்ணும் பழுப்பாக இருப்பதால் பலர் குழம்புவார்கள். முன்னிறக்கையின் அடிப்பக்கத்தில், உடலை ஒட்டிய பாதியில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அது காமன் புளூ. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் ஆர்கஸ்.

அடோனிஸ் ஆணுக்கும் காமன் புளூ ஆணுக்கும் நீலத்தின் அழுத்தத்தை வைத்துச் சண்டை போட வேண்டாம். இறக்கையின் வெள்ளை விளிம்பைப் பாருங்கள். கறுப்பு நரம்புகள் அந்த வெள்ளையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளிவரை வந்தால் அடோனிஸ், வெள்ளை சுத்தமாக இருந்தால் காமன் புளூ.

பதில்: மந்தைவெளி

புல் பற்றி நான் எழுதுகிறேன்.

உங்கள் எதிரி டார் கிராஸ். மஞ்சள் கலந்த பச்சை, விறைப்பான இலை, மண்ணுக்கடியில் வேர்த்தண்டு விட்டு வட்ட வட்டமாகப் பரவும். முற்றிய இலையை முயலும் தொடாது, செம்மறியும் ஒதுக்கும். ஆட்டை விட்டால் அது பக்கத்திலுள்ள ஷீப்ஸ் ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல்லைச் சுத்தமாக மேய்ந்துவிட்டு டார் கிராஸை அப்படியே விட்டுவைக்கும். ஆறு மாதத்தில் திட்டு இன்னும் பெரிதாகும். நிறைய இடங்களில் மேய்ச்சல் தோற்பது இப்படித்தான். ஆகவே முதல் இரண்டு ஆண்டு கையாலோ, கத்தி முன்னும் பின்னும் அசையும் ரெசிப்ரோகேட்டர் வகை இயந்திரத்தாலோ வெட்டுங்கள். டார் கிராஸ் மட்டும் அடர்ந்த திட்டுகளில் மே மாதம் ஒரு வெட்டு, தளிர் மறுபடி வந்ததும் ஜூலைக் கடைசியில் இன்னொன்று. வேர்த்தண்டில் சேர்த்துவைத்த சத்து தீரத் தீர இலை மெலியும். அந்தத் தளிரை மாடும் குட்டையினக் குதிரைகளும் தின்னும். ஹெப்ரிடியன் போன்ற பழைய ஆட்டினங்களும் ஓரளவு தின்னும். அதற்குப் பிறகுதான் ஆடு.

தீ மட்டும் வைக்காதீர்கள். சருகு போய்விடும், உண்மை. ஆனால் வேர்த்தண்டு மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்து, போட்டியில்லாத இடத்தில் முன்னைவிட வேகமாக முளைக்கும்.

வெட்டிய புல் அத்தனையையும் அன்றைக்கே வாரி வெளியே கொண்டுபோக வேண்டும். வெட்டி அங்கேயே போட்டால் பயன் ஒன்றுமில்லை, கெடுதலும் கூட: சத்து மண்ணுக்கே திரும்பும், சருகு மெத்தை விதையை மண் தொடவிடாது, மண்ணும் வெயில் படாமல் குளிர்ந்துபோகும். குவிப்பதற்கு ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள், சரிவின் அடிவாரத்தில், நல்ல புல்தரைக்கு வெளியே. அந்த இடத்தில் நெட்டில் என்ற காஞ்சொறி வகைக் களை முளைக்கும், அதை ஏற்றுக்கொள்ளலாம்.

எறும்பு மேடுகளைச் சுற்றி இயந்திரத்தை ஓட்ட வேண்டாம். அவை மஞ்சள் எறும்பு கட்டியவை, பல பத்தாண்டு வயதுள்ளவை. மேட்டின் மண் பொலபொலவென்று வறண்டு சூடாக இருப்பதால் தைமும் ராக்-ரோஸும் அதன் உச்சியில்தான் முதலில் தங்கும். மேட்டுக்கு அரை மீட்டர் தள்ளி இயந்திரத்தை நிறுத்திவிட்டு மீதியைக் கையரிவாளால் முடியுங்கள்.

புதரை முழுக்க அழிக்காதீர்கள். பரப்பில் 5 முதல் 10 சதவீதம் சிதறலாக இருக்கட்டும்; காற்றைத் தடுக்கும், பட்டாம்பூச்சிகள் அதன் நிழலோரம் ஒதுங்கும். பிளாக்தார்ன் இளங்கிளையில் பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் பட்டாம்பூச்சி முட்டையிடும் என்பதால் வெட்டுவதற்கு முன் குளிர்காலத்தில் கிளைக்கவட்டில் வெள்ளை முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதர் ஒன்று கிடைத்தாலும் தொடாதீர்கள். வெட்டும் காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, அதற்குப் பிறகு பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும்.

டாக்வுட்டை வெட்டிவிட்டு விட்டால் ஒன்றுக்குப் பத்தாக வேரிலிருந்து கிளம்பும். வெட்டிய கட்டையில் உடனே, ஈரம் காய்வதற்குள், கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தூரிகையால் பூச வேண்டும், தெளிக்கக் கூடாது. தொழில்முறை மருந்தைக் கையாள அதற்கான பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். மருந்து வேண்டாம் என்றால் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஜூனில் ஆண்டுதோறும் முளையை வெட்டிக்கொண்டே வரலாம். நான்கைந்து ஆண்டாவது பிடிக்கும். வெட்டிய கிளையை எரிப்பதானால் தகரத் தட்டின் மேல் எரித்துச் சாம்பலை அள்ளிவிடுங்கள். சாம்பல் விழுந்த இடத்தில் பல ஆண்டு திஸ்ஸலும் நெட்டிலும்தான் வளரும்.

மேய்ச்சல் தொடங்கும்போது 0.4 ஹெக்டேருக்குப் பத்து ஆடு, மூன்று வாரம், அக்டோபர் கடைசியில். தற்காலிக மின்வேலி போதும். நாளை எண்ண வேண்டாம், புல் உயரத்தை அளந்து நிறுத்துங்கள். தீவனமோ வைக்கோலோ கொண்டுவந்து போடக் கூடாது. குடற்புழு மருந்து கொடுத்த ஆடு என்றால் அந்த மருந்தின் வீரியம் சாணத்தில் குறையும்வரை வேறு இடத்தில் வைத்திருந்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஐவர்மெக்டின் வகை மருந்து சாணவண்டுகளின் புழுக்களைக் கொல்லும்.

வெண்சரிவு

மிக்க நன்றி. இலையைப் போய்ப் பார்த்தோம்: மேல் பகுதியில் ஹார்ஸ்ஷூ வெட்ச் உறுதி, ட்ரெஃபாயிலும் கலந்திருக்கிறது. நடுப்பகுதியில் இரண்டுமே இல்லை.

இரண்டு சந்தேகம். ஜூன் நடுவில் குழு ஆட்கள் நிறைய வருவார்கள். அப்போது சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டால் என்ன? யெல்லோ ராட்டில் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பதில்: விதைப்பெட்டி

ராட்டில் நல்ல செடி, ஆனால் உங்கள் இடத்துக்கு அது விடையில்லை. அது ஓராண்டுச் செடி, தன் வேரைப் புல்லின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும். கொஞ்சம் வளமான, வைக்கோலுக்கு வெட்டும் புல்வெளியில் புல்லின் வீரியத்தை அது நன்றாகக் குறைக்கும். உங்கள் நடுப்பகுதியில் விதை தூவினால் சருகு மெத்தையின் மேலேயே கிடந்து வீணாகும். மேல் பகுதியிலோ புல்லே மெலிந்து கிடக்கிறது. அங்கே அடக்க எதுவுமில்லை, ராட்டில் பயறு வகைச் செடிகளின் வேரையும் பிடிக்கும்.

பிற்பாடு அடிவாரத்து வளமான ஓரத்தில் வேண்டுமானால் போடுங்கள். செப்டம்பர், அக்டோபரில், பாதி மண் தெரியும்படி கீறிவிட்டு, சதுர மீட்டருக்கு 1 கிராம். பல வாரக் குளிர் பட்டால்தான் முளைக்கும். வசந்தத்தில் தூவுகிறவர்களுக்கு ஒன்றும் வராததற்குக் காரணம் இதுதான். பழைய விதை வாங்காதீர்கள், ஓராண்டு கடந்தாலே முளைப்புத் திறன் படுத்துவிடும்.

நடுப்பகுதியில் ஹார்ஸ்ஷூ வெட்சைக் கொண்டுவர உங்கள் மேல் பகுதியிலிருந்தே விதை எடுங்கள். காய் பழுப்பாகி உடையத் தொடங்கும்போது, ஜூலை கடைசி முதல் ஆகஸ்டு வரை. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். விதைத்தோல் கடினம். இரண்டு மணல்தாள்களுக்கு நடுவே வைத்து, பளபளப்பு மங்கும்வரை லேசாகத் தேய்த்தால் போதும். உள்ளே இருக்கும் வெண்பருப்பு தெரிந்தால் அளவு மீறிவிட்டது. குழித்தட்டில் பீட் இல்லாத கலவையோடு பாதிக்குப் பாதி சாக் துகள் சேர்த்து நிரப்புங்கள். அதோடு, வெட்ச் வளர்ந்திருக்கும் இடத்து மண்ணில் ஒரு சிட்டிகையை ஒவ்வொரு குழியிலும் போடுங்கள். வேர் முடிச்சுக்கான பாக்டீரியா அதில்தான் வரும். அது இல்லாத நாற்று பல மாதம் வெளிறிப்போய் நிற்கும். குழி ஆழமாக இருக்கட்டும், ஆணிவேர் வேகமாக இறங்கும்.

நடுவது செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர். ஏப்ரலில் நடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது, அதுதான் நாற்றைக் கொல்கிறது: வேர் சாக் வெடிப்புக்குள் இறங்குவதற்கு முன்பே ஜூன் வறட்சி வந்துவிடும். இலையுதிர் காலத்தில் நட்டால் குளிர்காலம் முழுக்க வேர் இறங்க நேரம் கிடைக்கும். சதுர மீட்டருக்கு ஐந்து முதல் ஒன்பது நாற்று, சரிவு முழுக்கப் பரவலாக இல்லாமல் ஐந்தாறு திட்டுகளாக. முட்டையிடும் பெண் பட்டாம்பூச்சி அடர்ந்த திட்டைத்தான் தேடி இறங்கும். முதல் குளிர்காலத்தில் முயல் கடிக்காமல் கம்பிவலையைக் கவிழ்த்து வையுங்கள். நிறையப் பூ மூன்றாம் ஆண்டில்தான். ஆனால் நிலைத்துவிட்டால் நீண்ட காலம் வாழும் செடி.

ஸ்மால் புளூ பட்டாம்பூச்சியின் புழு தின்னும் கிட்னி வெட்ச் வேறு கணக்கு. அது இரண்டாம் ஆண்டில் பூக்கும், சில ஆண்டுகளில் செத்துவிடும், விதை முளைக்க வெற்று மண் வேண்டும். அதற்காகவே மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கும் பள்ளங்கள் போடுகிறோம். டார் கிராஸ் திட்டின் நடுவில் 3 மீட்டருக்கு 5 மீட்டர், வெள்ளைச் சாக் தெரியும்வரை, பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் ஆழம். வேர்த்தண்டு துண்டு ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் வடக்கு ஓரத்தில் மேடாகப் போட்டால் காற்று தடுக்கப்பட்டு உள்ளே வெப்பம் தங்கும். அதில் தேய்த்த கிட்னி வெட்ச் விதை, சதுர மீட்டருக்கு 1 கிராம், ஆகஸ்டு கடைசியில். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு புதுப்பள்ளம் பக்கத்திலேயே போட்டுக்கொண்டே போக வேண்டும். பழையதில் புல் மூடும்போது புதியதில் பூத்திருக்கும்.

இது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதற்கு டார்செட்டில் 2011-இல் திறக்கப்பட்ட வேமத் ரிலீஃப் ரோடு நல்ல சாட்சி. சாலையோரச் சாக் சரிவுகளில் கனமான மேல்மண்ணைக் கொட்டாமல், பெயருக்குக் கொஞ்சம் மண்ணை மட்டும் போட்டு, கிட்னி வெட்சும் பிற காட்டுப்பூக்களும் விதைத்தார்கள். ஸ்மால் புளூ தானாகவே வந்து குடியேறியது. அங்கே பதிவான பட்டாம்பூச்சி இனங்கள் 30-ஐத் தொட்டுவிட்டன.

விதை வாங்கியே ஆக வேண்டுமென்றால் உள்ளூர்க் காட்டு மூலத்தது என்று எழுத்தில் கேளுங்கள். தீவனத்துக்கு வளர்த்த பேர்ட்ஸ்ஃபுட் ட்ரெஃபாயில் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். உயரமாக நிமிர்ந்து வளர்ந்து பக்கத்துச் சிறு செடிகளை மறைத்துவிடும்.

தோண்டுவதற்கு முன் ஒன்று: டவுன்ஸ் சரிவுகளில் பழங்காலப் புதைமேடுகளும் வயல்வரப்புகளும் நிறைய. உங்கள் இடம் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்துக்குள் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வந்தால் அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டி போடக் கூடாது. சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த தளமாக அறிவிக்கப்பட்டிருந்தால் நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதலும் வேண்டும்.

அடிவாரத்தில் மண் எப்படி என்று தெரியாவிட்டால் பாஸ்பரஸ் சோதனை செய்யுங்கள். குறியீடு 0 அல்லது 1 என்றால் பூச்செடி நிற்கும். 2-க்கு மேல் என்றால் அந்த மேல்மண்ணை எடுக்காமல் என்ன விதைத்தாலும் புல்தான் ஜெயிக்கும்.

பதில்: தும்பைக்காடு

ஜூன் நடுவில் முழுச் சரிவையும் வெட்டுவது கூடவே கூடாது. ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காக வேண்டவே வேண்டாம். அவர்களை டாக்வுட் முளை வெட்டவும் டார் கிராஸ் திட்டுகளுக்கும் அனுப்புங்கள்.

ஸ்மால் புளூ மே நடுவிலிருந்து ஜூன் வரை பறந்து கிட்னி வெட்ச் பூக்கொத்துக்குள் முட்டையிடும், பெரும்பாலும் கொத்துக்கு ஒன்று. ஒரே கொத்தில் இரண்டு புழு இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. புழு அந்தக் கொத்திலேயே விதையைத் தின்று வளர்ந்து, ஜூலைக் கடைசியில் இறங்கி மண்ணில் ஒதுங்கும். மே முதல் ஆகஸ்டு வரை எப்போது அந்தக் கொத்தை வெட்டினாலும் அந்த ஆண்டுத் தலைமுறை போனது போனதுதான்.

அடோனிஸுக்கு ஆண்டுக்கு இரண்டு தலைமுறை, மே நடு முதல் ஜூன் வரை, பிறகு ஆகஸ்டு நடு முதல் செப்டம்பர் வரை. குளிர்காலத்தைப் புழுவாகக் கழிக்கும். சாக்ஹில் புளூவுக்கு ஒரே தலைமுறை, ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரை, குளிர்காலம் முட்டையாக. முட்டை வெட்சின் தண்டிலோ அதை ஒட்டிய புல்லிலோ தரையோடு தரையாக இருக்கும். ஆகவே குட்டைப்புல் பகுதியில் அக்டோபருக்குப் பிறகு வெட்டும்போது 5 சென்டிமீட்டருக்குக் கீழே அரிவாளை இறக்காதீர்கள், இரும்பு வாரியால் பறண்டாதீர்கள். மூங்கில் வாரி போதும்.

மார்பிள்ட் ஒயிட்டுக்கு நேர் எதிரான தேவை. அது புல்லின் மேல் பறந்தபடியே முட்டையை உதிர்க்கும். புழு பொரிந்ததும் முட்டை ஓட்டைத் தின்றுவிட்டு, வேறெதுவும் சாப்பிடாமல் காய்ந்த புல்லுக்குள் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். எல்லாவற்றையும் குட்டையாக்கினால் இப்போது இருக்கும் அதையும் இழப்பீர்கள். சரிவை ஐந்து பாகமாகப் பிரித்து, டார் கிராஸ் திட்டுகளைத் தவிர, எந்த ஆண்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் பாருங்கள்.

இனி உயரம். இந்தத் திரி முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அடோனிஸ் முட்டையிட 1 முதல் 4 சென்டிமீட்டர் உயரப் புல்லில் இருக்கும் ஹார்ஸ்ஷூ வெட்ச் வேண்டும், அதுவும் வெயில் நேராக விழும் குழிவான இடத்தில். சாக்ஹில் கொஞ்சம் உயரமான புல்லையும் பொறுத்துக்கொள்ளும். சில்வர்-ஸ்பாட்டட் ஸ்கிப்பருக்கு ஷீப்ஸ் ஃபெஸ்க்யூவின் சிறு குத்து வேண்டும், பக்கத்திலேயே வெற்று மண் இருக்க வேண்டும். ஆகஸ்டில் பெண் பூச்சி வெற்று மண்ணில் இறங்கி நடந்துபோய், அந்தக் குத்தில் ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுக் கிளம்பும்.

இங்கிலாந்து அடோனிஸுக்கு வடக்கு எல்லை. அங்கே மண்ணின் சூடுதான் அதன் உயிர். 1953-இல் மிக்சோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்கு வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது, செடி அப்படியே இருந்தும் புல் உயர்ந்ததால் அடோனிஸ் பல இடங்களில் அழிந்தது. சுண்ணக்கல் புல்வெளிகளில் லார்ஜ் புளூவுக்கு நேர்ந்ததும் இதே கதை. அதன் புழு மிர்மிகா சபுலெட்டி என்ற சிவப்பெறும்பின் கூட்டில்தான் வளர முடியும். புல் 3 சென்டிமீட்டரைத் தாண்டியதும் மண் குளிர்ந்து அந்த எறும்பு போய், வேறொரு மிர்மிகா வந்துவிட்டது. இந்த எறும்புக் கணக்கு புரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது, 1979-இல் லார்ஜ் புளூ பிரிட்டனில் அற்றுப்போனது. 1980-களில் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்துதான் மறுபடி நிலைநிறுத்தினார்கள்.

அடோனிஸின் புழுவையும் எறும்புகள் காக்கும். பகலில் வெட்சின் அடியில் பச்சை உடலில் மஞ்சள் கோடுள்ள புழுவைச் சுற்றி எறும்புகள் ஓயாமல் தடவிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்; புழு சுரக்கும் இனிப்பு நீர் அவற்றுக்கு. எறும்புகள் நடமாடும் இடத்தைப் பார்த்துவிட்டால் புழுவைக் கண்டுபிடிப்பது எளிது.

வெண்சரிவு

தெளிவாகிவிட்டது. கடைசியாக: மாலிங் டவுனிலிருந்து சில அடோனிஸ்களைப் பிடித்துவந்து விடலாமா என்று ஒருவர் கேட்கிறார். அதோடு, நாய்களோடு நடப்பவர்கள் நிறைய, வேலி தேவையா?

பதில்: மந்தைவெளி

நாய்க்காக நிரந்தர வேலி தேவையில்லை. ஆடு இருக்கும் வாரங்களில் மின்வேலியும் அறிவிப்புப் பலகையும் போதும். ஆனால் கழிவு உண்மையான பிரச்சினை. பாஸ்பரஸ் தட்டுப்பாடாக இருக்கும் மண்ணில் அது நேரடியாக உரம். நுழைவாயிலிலிருந்து முதல் நூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் விழும். பாதையோரம் புல் மட்டும் கரும்பச்சையாகத் தழைத்திருந்தால் காரணம் இதுதான். குப்பைத்தொட்டியை வாசலிலேயே வையுங்கள். நடைபாதை உங்கள் நல்ல திட்டைத் தொடாமல் அடிவாரமாகப் போகட்டும். ஆனால் மேல் பகுதியில் ஓரிரு ஒற்றையடிப் பாதையைத் தடுக்க வேண்டாம். கால்பட்டுத் தேய்ந்த அந்த வெற்று மண் ஓரம் ஸ்கிப்பருக்குப் பயன்படும்.

பதில்: தும்பைக்காடு

பிடித்துவந்து விடுவது வேண்டாம். இடம் தயாராகாதபோது விட்டால் வந்தவை சாகும், எடுத்த இடத்திலும் குறையும். தயாராகிவிட்டால் பக்கத்திலிருந்து தானாக வரக்கூடிய தூரத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நிலச் சொந்தக்காரரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம் என்பதையும் குழுவில் சொல்லிவையுங்கள். பீ ஆர்கிட், பிரமிடல் ஆர்கிட் தென்பட்டால் தோண்டி இடம் மாற்றும் ஆசை வரும். அவற்றின் வேர் குறிப்பிட்ட பூஞ்சையோடு பிணைந்தது, பெயர்த்தால் பிழைக்காது.

வருகிறதா என்பதை அறிய 1976 முதல் பிரிட்டனில் நடந்துவரும் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பின் முறையையே பின்பற்றுங்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 29 வரை, 26 வாரம், வாரம் ஒருமுறை, ஒரே பாதை. இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அந்தப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். நேரம் 10.45 முதல் 15.45 வரை. வெப்பம் 13 டிகிரிக்குக் குறைந்தால் போகாதீர்கள். 13 முதல் 17 வரை என்றால் அறுபது சதவீதமாவது வெயில் இருக்க வேண்டும். 17-க்கு மேல் மேகமூட்டமானாலும் பரவாயில்லை, மழை மட்டும் கூடாது.

பூச்சியைவிட முட்டை நம்பகமான சாட்சி. அடோனிஸின் முட்டை வெள்ளை, தட்டையான வட்டு, அரை மில்லிமீட்டர் அளவு, வெட்ச் இலையின் அடிப்பக்கத்தில் ஒற்றையாக இருக்கும். ஜூனிலும் செப்டம்பரிலும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸோடு மண்டியிட்டுத் திட்டுக்கு ஐம்பது இலை புரட்டிப் பாருங்கள். முட்டை இருந்த இடத்தின் புல் உயரத்தை அப்போதே அளந்து எழுதுங்கள். அடுத்த அக்டோபரில் ஆட்டை எப்போது நிறுத்துவது என்பதை அந்த எண் சொல்லும்.

பதில்: விதைப்பெட்டி

அளப்பதற்கு: 30 சென்டிமீட்டர் விட்டம், 200 கிராம் எடையுள்ள வட்டை நடுவில் துளையிட்டு, அளவுகோலில் செருகி விழவிடுங்கள். பாகத்துக்கு இருபது இடத்தில், அக்டோபரிலும் ஏப்ரலிலும். சராசரியோடு நிறுத்தாமல் மிகக் குறைந்த, மிக உயர்ந்த அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது அளவும் ஒன்றுபோல வந்தால் மேய்ச்சல் சரிவு முழுக்க ஒரே சீராகப் போய்விட்டது என்று அர்த்தம். மறுமுறை ஆட்டின் எண்ணிக்கையைக் குறைத்து வாரங்களைக் கூட்டுங்கள்.